ஏழாவது படியில் தடுக்கியவள்

என் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஆட்களை நடக்க வைக்கிறார்" என்று சொல்வேன். கேட்டவர்கள் உடனே இவரை ஆஸ்பத்திரியில் கால் ஒடிந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர் என்று நினைத்துக்கொண்டு, தங்கள் முழங்கால் வலியைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அதில்லை, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஆட்களை என்று சொன்னால் முகம் விழுந்துவிடும். அவர்கள் முழங்காலை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். புருஷன் விஷயத்திலும் அது உண்மை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நான் தையல்காரி, எதையும் அளக்காமல் வெட்டுகிறவள் இல்லை. இருபது வருஷமாக இவரை அளந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

இவர் பதினோரு வருஷம் செருப்புக் கடையில் இருந்தார். காலையிலிருந்து கடை சாத்தும் வரை ஒரு குட்டி முக்காலியில் உட்கார்ந்து ஊரார் பாதத்தைக் கையில் பிடித்து அளப்பதுதான் வேலை. புதுச் செருப்பை எடுத்துக் காட்டும் முன் வந்தவரின் பழைய செருப்பைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார். குதிகாலில் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது, பெருவிரல் எங்கே பள்ளம் பறித்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, "நீங்க எப்பவும் இடது தோள்லதான் பை மாட்டுவீங்களா?" என்பார். வந்தவர் அசந்துபோவார். சிலருக்குக் கோபமும் வரும். செருப்பு வாங்க வந்த இடத்தில் ஜாதகம் சொன்னால் யாருக்குத்தான் வராது?

ஒருநாள் கடை முதலாளி விளம்பரத்துக்கென்று ஒரு திரையைக் கொண்டுவந்து மாட்டினார். அதில் ஒரு கார்ட்டூன் ஆள் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருப்பான். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடக்கூட இல்லை.

"அவன் கால் தரையில நிக்கவே மாட்டேங்குது. எண்ணெய்ல வழுக்கிட்டுப் போற மாதிரி போறான். நடக்கவே தெரியாதவனுக்கு எதுக்கு செருப்பு?"

"குறை சொல்ல வாய் இருந்தா போதும். நீங்க செஞ்சு காட்டுங்க பாப்போம்," என்றேன் நான். எரிச்சலில் சொன்னதுதான். அவர் அடுத்த வாரமே மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டார். அப்போது வயது முப்பத்திரண்டு. வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் இவரை 'அங்கிள்' என்று கூப்பிட்டார்களாம்.

இரண்டு வருஷம் படித்து, இன்னும் ஆறு வருஷம் அங்கே இங்கே சின்ன வேலைகள் பார்த்து, கடைசியில் ஒரு விளையாட்டுக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தார். ஃபோனிலும் டிவியிலும் ஆடுகிற விளையாட்டு. மருந்துக்கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் ஒரு நீளமான அறை, பிரிண்டருக்குப் பக்கத்தில் இவருக்கு நாற்காலி. யாராவது பக்கம் எடுக்க வந்தால் இவர் எழுந்து வழி விட வேண்டும். அங்கே இவருக்கு வைத்த பெயர் 'செருப்புக்கடை'. இவர் அதற்கும் திரும்பிப் பார்ப்பார். எனக்குத்தான் ஆறவில்லை.

அங்கே என்ன செய்கிறார்கள் என்று நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். விளையாட்டில் வருகிற ஒவ்வோர் ஆளுக்கும் தோலுக்குள்ளே ஓர் எலும்புக்கூடு வைக்கிறார்கள். அதற்கு ரிக் என்று பெயர். எலும்பை அசைத்தால் ஆள் அசைவான். அந்த அறையில் இருபது வருஷ அனுபவமுள்ள ஓவியர் ஒருவர் இருந்தார். கால் தூக்குவது ஒரு நிலை, ஊன்றுவது ஒரு நிலை என்று அந்த எலும்பை ஒவ்வொன்றாக நிறுத்தி அவர் நடையைச் செய்வார். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் ஒரு நடைக்கு ஒன்பது நாள் ஆகும். சமமான தரைக்குச் செய்த நடையை மேட்டில் விட்டால் பாதம் மண்ணுக்குள் புதையும். பள்ளத்தில் விட்டால் அந்தரத்தில் தொங்கும்.

இவருக்கு வரையவே வராது. எங்கள் மகள் சின்ன வயதில் கேட்டாள் என்று வரைந்து கொடுத்த பூனைக்கு எத்தனை கால் என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அதனால் இவர் வேறு வழியில் போனார். நடையைச் செய்யாமல் நடையின் விதிகளை எழுதினார். இவ்வளவு உயரம், இவ்வளவு எடை என்றால் எட்டு எவ்வளவு நீளம், குதிகால் எப்போது இறங்கும், இடுப்பு எந்தப் பக்கம் எவ்வளவு சாயும், எதிர்க்கை எப்போது முன்னால் வரும் என்று. பாதம் இறங்குவதற்கு முன் கம்ப்யூட்டர், கொத்தனார் தூக்குக்குண்டு விடுகிற மாதிரி, கீழே ஒரு கோடு விட்டுத் தரை எங்கே என்று பார்த்துக்கொள்ளும். பாதம் அங்கே போய் அச்சாக உட்காரும். மேடானாலும் படியானாலும் கவலையில்லை. மூன்று வருஷம் இதை எழுதினார். புதைவதும் மிதப்பதும் அந்தத் தொழிலில் பெரிய மானக்கேடு. இவருடைய ஆட்கள் ஒரு நூல் புதைய மாட்டார்கள், ஒரு நூல் மிதக்க மாட்டார்கள். எனக்குத் தலைகால் புரியாத அந்த எழுத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வாசித்துக்கூடக் காட்டுவார்.

பிறகு கம்பெனிக்கு ஒரு பெரிய வேலை வந்தது. மலைச்சரிவில் ஒரு நகரம், தெருவெல்லாம் படிக்கட்டு, அதில் முந்நூறு பேர் ஏறி இறங்க வேண்டும். குழுத் தலைவியம்மா இவருடைய விதிகளை நம்பி ஒப்புக்கொண்டார். வேலை கொடுத்த கம்பெனியிலிருந்து ஒருவர் பார்வையிட வந்தார். நெட்டையான ஆள், நரைத்த தாடி, விரலுக்கிடையில் ஒரு பென்சில் சுழன்றுகொண்டே இருக்கும். துணிமூட்டையோடு ஒரு பெண் படி இறங்குவதை இவர் போட்டுக் காட்டினார். பென்சில்காரர் நான்கு முறை பார்த்தார்.

"தப்புன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா உள்ள ஆள் இல்ல. பேய் எறங்கற மாதிரி இருக்கு," என்றார்.

மூன்று வாரம் தவணை கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள் சரியாகாவிட்டால் விதிகளைத் தூக்கி வைத்துவிட்டு, நிஜ மனிதர்களை நடக்க விட்டுப் பதிவு செய்த நடைகளை வெளியே வாங்கிக்கொள்வது என்று முடிவு. அப்படி நடந்தால் இவருக்குக் கொடுக்க வேறு வேலை இல்லை என்று தலைவியம்மா தன்மையாகத்தான் சொல்லியிருக்கிறார். தன்மையாகச் சொன்னால் மட்டும் அது இனித்துவிடுமா?

அன்று நான் ஆறுதல் சொல்லத் தெரியாமல் ஒன்று சொன்னேன். "இது போனா என்ன? செருப்புக் கடையில உங்கள எப்ப வேணும்னாலும் சேத்துப்பாங்க."

"அங்க போக எனக்கு வெக்கமில்ல," என்றார். "ஆனா நான் எழுதினது தப்புன்னு ஒத்துக்கிட்டு இல்ல போகணும்? அதான் முடியல."

இரண்டு வாரம் ஓடியது. இடுப்பைத் திருத்தினார், மூட்டைக்கு எடை கூட்டினார், தலைமுடியை ஆடவிட்டார். தெருவில் போகிறவர் வருகிறவர் நடையையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். "அப்பா, இப்படி மொறச்சுப் பாத்தா யாராவது அடிச்சிடுவாங்க," என்று மகள் இவரோடு நடப்பதையே நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு திருத்தமும் நன்றாகத்தான் இருந்தது. பேய் மட்டும் போகவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் குடியிருப்பில் தரைத்தளத்துக்குப் புது டைல்ஸ் போட்டார்கள். பழசைப் பெயர்க்கச் சோம்பல்பட்டு அதன் மேலேயே ஒட்டிவிட்டார்கள். தரை இரண்டு விரற்கடை உயர்ந்தது. அதனால் படிக்கட்டின் கடைசிப் படி மட்டும் மற்ற படிகளைவிடக் குட்டையாகிவிட்டது. முந்தின ராத்திரிதான் வேலை முடிந்ததால் அது எனக்குத் தெரியாது. சனிக்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குத் தைத்த நாற்பது உடுப்புகளை மூட்டையாக மார்போடு அணைத்துக்கொண்டு மூன்றாம் மாடியிலிருந்து இறங்கினேன். பதினாலு வருஷம் இறங்கிய படி. கடைசி எட்டு வைக்கும்போது, இன்னும் கொஞ்சம் கீழே இருக்க வேண்டிய தரை முன்னாலேயே வந்து குதிகாலில் இடித்தது. முழங்கால் மடங்கி, தோள் சுவரில் மோதி, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பின்னாலேயே இன்னொரு மூட்டையோடு வந்த என் புருஷன் என்ன கேட்டார் தெரியுமா?

"இன்னொரு தடவ எறங்கு."

"அடிபட்டுச்சான்னு கேக்க மாட்டீங்களா?"

"கேக்கறேன், கேக்கறேன். முதல்ல ஏறி எறங்கு."

வாயில் ரத்தத்தோடு நான் சண்டை போட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறினேன். ஏறி இறங்கினேன். ஒன்றும் ஆகவில்லை.

"இப்ப ஏன் தடுக்கல?"

"இப்பதான் தெரிஞ்சிடுச்சே."

"முதல்ல?"

"முதல்ல எப்படித் தெரியும்? மூட்டை மறைக்குது. எப்பவும் இருக்கற படிதானேன்னு வெச்சேன்."

"நீ நெனச்சியா, கால் நெனச்சுதா?"

எனக்கு வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு நான் என் தையல் கடைக்குப் போய்விட்டேன். மறுநாள் ஞாயிறு. காலையில் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். படிக்கட்டுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குடியிருப்பில் பன்னிரண்டு வீடு. ஒவ்வொருவராக இறங்கி வருகிறார்கள், பழக்க தோஷத்தில் ஒவ்வொருவராகத் தடுக்குகிறார்கள், இந்த மனுஷன் ஒரு வார்த்தை எச்சரிக்காமல் குறித்துக்கொள்கிறார். முதல் மாடிக்காரர் கையிலிருந்த பால் பாக்கெட் விழுந்து உடைந்தது. நான்காம் மாடி டீச்சர் கனமான உடம்புக்காரர். அவர் தடுக்கிக் கைப்பிடியைப் பிடித்து நிமிர்ந்தபோது என் மகள், "யானைக்கும் அடி சறுக்கும் டீச்சர்," என்றாள். சமாதானமாகத்தான் சொன்னாள். நான் அவள் தொடையில் கிள்ளியதை டீச்சர் பார்த்துவிட்டார்.

"தெரிஞ்சும் சொல்லாம உக்காந்திருக்கீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுஷனா?" என்று டீச்சர் இவரைக் கேட்டார். நியாயமான கேள்வி. நான் ஓடிப்போய் என் தையல் சாக்கட்டியை எடுத்துவந்து கடைசிப் படியில் பட்டையாகக் கோடு போட்டு, பக்கத்தில் 'பார்த்து இறங்கவும்' என்று எழுதினேன். பால் வாங்கிக் கொடுத்து, டீச்சரிடம் இரண்டு பேருமாகப் போய் மன்னிப்புக் கேட்டோம். திரும்பிப் படியேறும்போது அவர் சொன்னார்.

"எங்க தப்பு பண்ணினேன்னு தெரிஞ்சுபோச்சு. என் ஆளுங்களுக்குத் தரை எங்க இருக்குன்னு முன்னாடியே தெரியும். ஒவ்வொரு அடிக்கும் தெரியும். நமக்குத் தெரியாது. போன படி மாதிரிதான் அடுத்த படியும் இருக்கும்னு நம்பிக் கால வெக்கறோம். மூணு வருஷமா நான் தடுக்கக் கூடாதுன்னே எழுதிட்டிருந்தேன்."

அது மூன்று வருஷத் தப்பு. அதையும் கவனமாக, கஷ்டப்பட்டு, பெருமையாகச் செய்த தப்பு. ஒழுங்காக வேலை செய்கிறவனால் மட்டும்தான் அப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்.

மிச்சம் இருந்தது ஐந்து நாள். பாதம் தரையைக் கேட்கக்கூடாது, போன படியைத்தான் நம்ப வேண்டும் என்று விதியை மாற்றினார். நம்பியது பொய்யானால் முதலில் கணுக்காலுக்குத் தெரிய வேண்டும், பிறகு முழங்காலுக்கு, பிறகு இடுப்புக்கு, எல்லாவற்றுக்கும் கடைசியாகத் தலைக்கு. முதலில் போட்டுப் பார்த்தபோது அந்தப் பெண் படிக்குப் படி தள்ளாடினாள். "இவங்கள யாராவது வீட்டுல கொண்டுபோய் விடுங்க," என்றாள் மகள். எவ்வளவு நம்புவது, எவ்வளவு சந்தேகப்படுவது, ஒரு முறை தடுக்கினால் எத்தனை படிக்குப் பயந்து பயந்து கால் வைப்பது, எப்போது மறப்பது என்று ஒவ்வொன்றாக நோட்டைப் பார்த்துச் சரிசெய்தார். பயந்து வைத்த எட்டு டீச்சருக்கு நான்கு. முதல் மாடிக்காரருக்கு இரண்டு. எனக்கு மூன்று.

ஒரு சந்தேகம் என்னிடம் கேட்டார். "தடுக்கினப்போ ஏன் நீ கையால சுவத்தப் பிடிக்கல?"

"நாப்பது உடுப்பு. கீழ விழுந்தா மறுபடி இஸ்திரி போடணும். கைய எப்படி விடுவேன்? தோள்தான் போய் இடிச்சது."

அதையும் எழுதிக்கொண்டார். அந்தப் பெண்ணின் கை மூட்டையை இறுக்கிக்கொள்ளும், தோள் சுவரைத் தேடும். அந்த இரண்டு வரியும் என்னுடையவை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

வியாழக்கிழமை அந்த ஓவியர் பிரிண்டரில் பக்கம் எடுக்க வந்தவர், இவர் திரையைப் பார்த்துவிட்டு நின்றிருக்கிறார். மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்திருக்கிறார். பிறகு, "இத என்னால வரைய முடியாது," என்றாராம். "எங்க தடுக்கும்னு தெரிஞ்சுதான் நான் வரைவேன். இவளுக்கு அது தெரியலயே." சொல்லிவிட்டு, எடுக்க வந்த காகிதத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பென்சில்காரர் வருவதாக இருந்தது. "நீயும் வந்து உக்காரேன்," என்றார் இவர். இருபது வருஷத்தில் இவர் என்னைத் துணைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். பெரிய அறை, நீள மேஜை, சுவர் முழுக்கத் திரை. தலைவியம்மா இருந்தார், ஓவியர் இருந்தார், நான் ஓர் ஓரமாகப் பென்சில்காரரின் முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். என் கண் வேறு எங்கும் போகவில்லை. திரையில் வருவதை நான் வீட்டிலேயே நூறு தடவை பார்த்துவிட்டேன். எனக்குத் தீர்ப்புதான் வேண்டும்.

அந்தப் பெண் இறங்கினாள். ஒரு படி கொஞ்சம் உயரம், ஒரு படி கொஞ்சம் பள்ளம். லேசாக நிதானித்து, உடம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பென்சில் சுழன்றுகொண்டிருந்தது.

"இது நீங்க முன்னாடியே செஞ்சு வெச்சது," என்றார் அவர். "எந்தப் படியில என்ன பண்ணணும்னு ஏற்பாடு பண்ணியிருப்பீங்க."

"இல்லங்க. எந்தப் படிய வேணும்னாலும் மாத்துங்க. நீங்களே சொல்லுங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"மேலேந்து ஏழாவது. நாலு விரல் எறக்குங்க."

இவர் எண்ணைத் தட்டினார். ஏழாவது படி திரையில் கீழே இறங்கியது. எல்லோரும் பார்க்கத்தான் இறங்கியது. பொறி வைத்தவர் பென்சில்காரர். எங்கே வைத்தார் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த அறையில் இல்லை.

அவள் மேலேயிருந்து கிளம்பினாள். இடுப்பில் மூட்டை, முகத்தில் ஏதோ யோசனை. நாலு, ஐந்து, ஆறு. ஏழாவது படியில் பாதம் தரை இருக்கிறது என்று நம்பி இறங்கியது. அங்கே தரை இல்லை. முழங்கால் விட்டுப்போக, உடம்பு சரிய, கை மூட்டையை இறுக்கிக்கொள்ள, பென்சில்காரர் நாற்காலியைவிட்டுப் பாதி எழுந்து இரண்டு கையையும் முன்னால் நீட்டினார்.

"பாத்தும்மா," என்றார்.

பென்சில் மேஜைக்கு அடியில் உருண்டு போனது. திரையில் அவள் தோளைச் சுவரில் ஊன்றி நிமிர்ந்து, எட்டாவது படிக்குக் காலை மெல்ல நீட்டிப் பார்த்து வைத்தாள். பென்சில்காரர் நீட்டிய தன் கைகளையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. ஓவியர் குனிந்து பென்சிலை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"முந்நூறு பேரையும் இவரே நடக்க வெக்கட்டும்," என்றார் பென்சில்காரர் தலைவியம்மாவிடம். இவரைப் பார்க்கவே இல்லை. கூச்சமாக இருந்திருக்கும்.

எழுந்து கத்தலாம் போல இருந்தது எனக்கு. என் புருஷன் என்று மேஜைமேல் ஏறிச் சொல்லலாம் போல இருந்தது. நாகரிகம் கருதி உட்கார்ந்திருந்தேன்.

அரை நாள் விடுப்பு கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். இவர் தலையைக் குனிந்துகொண்டே வந்தார்.

"ஒத்துக்கிட்டாரு, சரி. ஆனா அவருக்கு நெஜமாவே பிடிச்சுதா, இல்ல வேற வழியில்லாம சொன்னாரா?" என்றார்.

"நீங்க பாக்கலியா?"

"எதை? நான் அவ காலைப் பாத்துட்டிருந்தேன். எட்டாவது படியில குதிகால் கொஞ்சம் சீக்கிரம் வெச்சுட்டா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அறையில் நடந்ததை எல்லோரும் பார்த்தார்கள், இவர் ஒருவரைத் தவிர. "அவ விழப்போறான்னு அவரு எந்திரிச்சு கை நீட்டினாருங்க. பிடிக்கறதுக்கு," என்றேன்.

இவர் நடப்பதை நிறுத்திவிட்டார்.

"யாரு, அவரா? அவருதான அந்தப் படிய எறக்கச் சொன்னாரு?"

"அவரேதான்."

"எந்தக் கை?"

"ரெண்டு கையும்."

"ரெண்டு கையுமா?" என்று கேட்டார். நான் பென்சில்காரர் செய்த மாதிரியே நடைபாதையில் செய்து காட்டினேன். போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இவர் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் போய் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எங்கள் பஸ் வந்தது. நான் கையைக் காட்டவில்லை. அடுத்ததும் வந்தது, அதையும் போகவிட்டேன்.